பனியைப் பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது

தால்தால்,
21 மார்ச் 1993

அன்புள்ள தம்பி நிபால்தோவுக்கு,

அக்கா மிரேயா எழுதுகிறேன். நானும் ரிகோபெர்த்தோவும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா சாலை இலாகா வண்டியோடு கணவாயிலேயே குடியிருக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமைகளிலாவது வீட்டுக்கு வருகிறாரா? கண்ணாடி போட்டாலும் என் கையெழுத்து புரியவில்லை என்று அம்மா சொல்வாள். ஆகவே இதை நீயே படித்துக் காட்டு. ஆனால் உன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காமல் படி.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷமாக நச்சரித்து, நம் ஊருக்கே வந்துவிடலாம் என்பதற்கு ரிகோபெர்த்தோவின் வாயிலிருந்து ஒருவழியாக ஒரு 'சரி' வாங்கிவிட்டேன். அந்தச் சரிக்கு ஒரு வால் இருக்கிறது. அவருடைய அம்மாவும் கூட வர வேண்டும். என் மாமியாரோ, "ஒரு குளிர்காலம் முழுசா அங்க இருந்து பாத்துட்டுதான் பதில் சொல்லுவேன்" என்கிறார். தோன்யா சுனில்தா இந்தப் பாலைவனத்தை விட்டு எங்கேயும் போனதில்லை. மழையையே வாழ்நாளில் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறார். பனியைப் பார்த்ததெல்லாம் காலண்டர் படத்தில்.

மே கடைசியில், நம் தெற்கே குளிர் தொடங்கும்போது அங்கே வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் வருஷ முடிவுக்குள் நாங்கள் மூட்டை கட்டிவிடுவோம். பிடிக்கவில்லை என்றால் நான் இங்கேயே தூசி தின்று கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே, நிபா, பனியைப் பற்றி ஒரு குறைகூட அவர் காதில் விழக் கூடாது. அம்மாவிடமும் அப்பாவிடமும் பக்கத்து வீட்டு தோன் எவரிஸ்தோவிடமும் சொல்லி வை. முக்கியமாக உன் வாய்க்குச் சொல்லி வை. உன் குறும்பையெல்லாம் கட்டி விறகுக் கொட்டகையில் போட்டுப் பூட்டு.

கனவில் பனி பெய்கிறது. எழுந்து பார்த்தால் தலையணையில் மணல்.

அம்மாவுக்கு முத்தங்கள்.
மிரேயா

*

கொய்ஹாய்க்கே,
9 ஏப்ரல் 1993

நாட்டின் தலைமாட்டில் வெயில் காயும் அக்காவுக்கு, கால்மாட்டில் விறைத்துக் கிடக்கும் தம்பி எழுதுவது.

எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் சுகமில்லை. ஆனால் "சுகம்னு எழுது" என்று அம்மா சொல்லிவிட்டதால், சுகம்.

உனக்கு எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் பனி விழும். எனக்கு மட்டும் பணி விழும். காலையில் விறகு பிள. கூரையில் ஏறிப் பனியைத் தள்ளு. தள்ளிய பனி வாசலை அடைத்ததா, அதையும் தள்ளு. பிடிமானத்துக்குப் படியில் சாம்பலைத் தூவு. ஷூவுக்கு மேலே கம்பளி சாக்ஸை மாட்டிக்கொண்டு, வழுக்காமல் கடைக்குப் போய், வழுக்கி வீட்டுக்கு வா. குழாயை ராப்பகலாகச் சொட்டவிடு. சொட்டு நின்றால் தண்ணீர் உறையும், உறைந்தால் பைப் வெடிக்கும். குளிர்காலம் என்று பெயர் வைத்தவன் விவரமான ஆள்தான். அது முதலில் காலைத்தான் பிடிக்கிறது.

இதையெல்லாம் நான் இனிமேல் புகழ வேண்டும். நல்லது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மாத்தே டீ உறிஞ்சும் குழலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "ஆறு நாள் அத வண்டிய வச்சுத் தள்றேன். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்து அதுக்குப் பாராட்டு விழா நடத்தணுமா?" தோன் எவரிஸ்தோவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லையாம். அம்மா இரண்டு பாட்டில் ஜாம் தருவதாகச் சொன்ன பிறகு, பழகிக்கொள்ள முடியும் என்று ஒத்துக்கொண்டார்.

அம்மா உன் கடிதம் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அவ ரூம்ல கிடக்கிற உருளைக்கிழங்கு மூட்டைய வெளிய எடுத்து வை" என்றாள். அதற்குள் மூன்று தடவை அந்த அறையைக் கூட்டிவிட்டாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. நீ வந்தால் விறகு பிளக்க இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். தூசி தின்றாலும் மென்று தின்னு.
நிபால்தோ

*

தால்தால்,
28 ஏப்ரல் 1993

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறைவு. லாரி நாள்விட்டு நாள்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்: தோன்யா சுனில்தா தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கறார். காய் கழுவிய தண்ணீர் செடிக்கு; பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருப் புழுதி அடங்க வாசலுக்கு. ஒரு குவளை வீணானால் நாள் முழுக்க முகம் தூக்கிவைத்திருப்பார். நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நிற்பார். மூன்று வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நல்ல மனுஷிதான். ஆனால் பயந்த சுபாவம். உறையும், வெடிக்கும் என்றெல்லாம் அவரிடம் உளறி வைக்காதே. அழகாக ஏதாவது சொல்லிச் சமாளி. அதில் நீ கெட்டிக்காரன்தானே?

பனிவாசனை ஞாபகம் வருகிறது. இங்கே யாருக்கும் அது புரியாது.

எல்லோருக்கும் என் அன்பு.
மிரேயா

*

கொய்ஹாய்க்கே,
8 ஜூன் 1993

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், மாமியார் இங்கே இருக்கிறாரே.

வந்து சேர்ந்தார். மூன்று பஸ், ஒரு கப்பல். இளஞ்சிவப்புப் பூப்போட்ட குடை ஒன்று, ஒரு கேமரா, ஒரு ஜாடி ஆலிவ் ஊறுகாய். எனக்கு முத்தம் கொடுத்துவிட்டு முதல் கேள்வி: "எங்கடா பனி?"

பனி இல்லை, அக்கா. மழை பெய்கிறது. சேறு இருக்கிறது. மலையே தெரியாத மூடுபனி இருக்கிறது. பனி மட்டும் இல்லை. பதினாறு வருஷமாக நான் கேட்காமலே என் தலையில் கொட்டியது. இப்போது கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கிறோம், வரமாட்டேன் என்கிறது. மாமியாருக்கு முன்னால் என் மானத்தை வாங்குவதற்காகவே மேலே காத்திருக்கிறது. தினமும் விடிந்ததும் அவர் திரையை விலக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறார். நீ எழுதிய பெருமூச்சு அதுதான் என்று நினைக்கிறேன். இப்போது அது எங்கள் முதுகுக்குப் பின்னால்.

முதல் நாளே சொட்டுகிற குழாய் கண்ணில் பட்டுவிட்டது. பதறிப்போய், "ஏண்டா, இது பழுதா?" என்றார். நீதான் பயமுறுத்தக் கூடாது என்றாயே. "இல்ல தோன்யா, இந்த ஊர் வழக்கம். குளிர்காலத்துல சொட்டுச் சத்தம் கேட்டாத்தான் வீட்டுக்குத் தூக்கம் வரும்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பானையைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். அது நிரம்பியதும் அதிலேயே என் சாக்ஸைத் துவைத்தார். கேட்காமலே.

அம்மாவும் அவரும் நன்றாகப் பழகுகிறார்கள். மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

அங்கே ஏதாவது மேகம் இருந்தால் அனுப்பி வை.
நிபால்தோ

*

கொய்ஹாய்க்கே,
29 ஜூன் 1993

அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுத வேண்டியதாகிவிட்டது. எல்லோரும் சுகம், என் முதுகெலும்பைத் தவிர.

புனித யோவான் திருநாளன்று காலையில் விழுந்தது. தோன்யா சுனில்தா ஞாயிற்றுக்கிழமை உடையை மாட்டிக்கொண்டு, பூக்குடையை விரிக்காமலே கையில் பிடித்தபடி முற்றத்தில் போய் நின்றார். நாக்கை நீட்டினார். கையில் விழுந்ததை முகர்ந்து பார்த்தார். அப்புறம் வெட்கம் வந்தவர்போலச் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிஷம் எனக்கே பனி பிடித்துப்போய்விட்டது. போதும் என்று அன்றோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை.

நாடகம் நன்றாகப் போகிறது. தோன் எவரிஸ்தோ வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்வாரியோடு நிற்கும்போதெல்லாம், மாமியார் ஜன்னலில் தெரிந்தால், "அடடா, என்ன அழகு" என்கிறார். ஜாமுக்காகச் சொல்கிறார் என்பது குரலிலேயே தெரிகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மீசையில் பனிக்கட்டி தொங்க வந்தார். "இன்னும் கொஞ்சம் விழுந்தா நல்லாருக்கும்" என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டு, விறகு எடுத்து வருவதாகக் கொட்டகைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. அங்கே விறகுக்கட்டைகளிடம் அவர் பேசிய வார்த்தைகளை இந்தக் கடிதத்தில் எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார்.

நேற்று தோன்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "இங்க ஏண்டா எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிக்கிறாங்க?"

"குளிர்ல பல்லு கிட்டிக்கும் தோன்யா. உள்ளுக்குள்ள நல்ல சந்தோஷமாத்தான் இருக்காங்க."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பதில் எழுது. பின்வாசல் அறையை உங்களுக்குத் தயார் செய்யலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் பழைய அறையில் மாமியார் இருக்கிறாரே.

நிபால்தோ

*

தால்தால்,
15 ஜூலை 1993

அன்புள்ள நிபாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரண்டு கடிதங்களும் வந்தன. ரிகோபெர்த்தோவும் நானும் சிரித்து முடியவில்லை.

இங்கே நாங்கள் இருவர் மட்டும்தான். சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தோம். அலமாரியை எனக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் மீன் வாங்கி அங்கேயே சுட்டுத் தின்றோம். இரவு ரேடியோவைச் சத்தமாக வைக்கிறோம்.

மாமியாருக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல். நன்றாக இருந்து, நிதானமாகப் பார்க்கட்டும்.

அம்மாவுக்கு முத்தம். பனிக்கும் என் அன்பைச் சொல்.
மிரேயா

(பின்வாசல் அறைக்காக அம்மா இப்போதே சிரமப்பட வேண்டாம்.)

*

கொய்ஹாய்க்கே,
27 ஜூலை 1993

அக்காவுக்கு,

உன் அன்பைப் பனியிடம் சொன்னேன். பதிலுக்கு அது எங்கள் சமையலறையை உடைத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். உன் மாமியார் சொட்டுகிற தண்ணீரைப் பானையில் பிடித்தார். பானை நிரம்பியது. சட்டியில் பிடித்தார். வாளி, குவளை, என் சூப்புக் கிண்ணம், அப்பா சவரம் செய்யும் தட்டு எல்லாம் நிரம்பின. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் காலிப் பாத்திரம் ஒன்றும் இல்லை. கீழே ஓடவிட மனம் வரவில்லை. படுக்கப் போகும் முன் குழாயை மூடினார். சும்மா மூடவில்லை, பாலைவனத்து மணிக்கட்டு அது.

காலையில் தண்ணீர் வரவில்லை. அம்மா கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து பைப்பின்மேல் ஊற்றினாள். அது எங்கேயோ தரைக்கு அடியில் பிளந்திருந்தது நமக்கு எப்படித் தெரியும்? இளகியதும் பலகை இடுக்கெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் எவரிஸ்தோவைக் கூட்டி வர ஓடினேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். திரும்பி வந்தால் சமையலறை ஏரியாக இல்லை, சறுக்கு மைதானமாக இருந்தது. அம்மா அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார், மடியில் கேமராவோடு.

தோன் எவரிஸ்தோ இரண்டு பலகையைப் பெயர்த்துவிட்டுத் தலைகீழாக உள்ளே போனார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கழுத்து வழியாகச் சட்டைக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஜாமும் வேணாம் ஒண்ணும் வேணாம். கேட்டுக்கோங்க. இந்தப் பனி இருக்கே, இது ஒரு திருட்டு நாய். என் அப்பனோட இடுப்பத் தின்னுச்சு, இப்ப என் இடுப்பத் தின்னுது. இத அழகுன்னு சொன்ன என் வாயிலதான் முதல்ல மண்ணள்ளிப் போடணும்."

நான் இருமினேன். எட்டி அவர் காலை மிதித்துக்கூடப் பார்த்தேன். நிறுத்தவில்லை. அப்பாவும் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, தரையைப் பார்த்து, கொட்டகையில் சொல்வதையெல்லாம் நடுவீட்டிலேயே சொன்னார்.

பிறகு அம்மா. நம் அம்மா, அக்கா. மாதா கோயிலில்கூடச் சத்தமாகப் பாடாதவள். வெந்நீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து, ஒரு நாள் கூட எனக்கு இது பிடிச்சதில்ல."

எவரிஸ்தோ தரைக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

தோன்யா சுனில்தா மேஜைமேலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப இத்தன நாளா?" என்றார். நான்தான் சொன்னேன். நீ எழுதியது, ஜாம், வீடு தூங்குவதற்குச் சொட்டுச் சத்தம், எல்லாம். கோபத்தில் இன்றே பஸ் ஏறிவிடுவார், உன் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அம்மா ஓடினாள், வழுக்கி மேஜையைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா பயந்துக்கிட்டு இருந்தேன்டா. இவ்வளவு குளிர்ல சிரிச்சுக்கிட்டே இருக்காங்களே, பைத்தியங்களா, இல்ல பிணம் கிணம் எதையாவது புதைச்சு வச்சிருக்காங்களான்னு. எங்க ஊர்ல தூசியத் திட்டாதவன நாங்க வீட்டுக்குள்ள விடறதில்ல."

பிறகு தால்தால் தூசியைத் திட்டினார். பைப்பை அடைத்து முடிக்கும்வரை திட்டினார். அவ்வளவு வளமான வார்த்தைகளை நான் கேட்டதே இல்லை. பாதியை எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவும் அவரும் அன்றுதான் முதல்முதலாக ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆகவே முடிவு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவரே எழுதுவாராம். நீ தயாராக இரு.

நிபால்தோ

*

கொய்ஹாய்க்கே,
2 ஆகஸ்டு 1993

மருமகள் மிரேயாவுக்கு, சுனில்தாவின் ஆசிகள். மகனுக்கும் சொல்லவும். நான் நலம். மூட்டுகள் நலமில்லை, ஆனால் அவை தால்தாலிலும் அப்படித்தான்.

பனி எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் அழகு, இரண்டாம் நாள் ஈரம், மூன்றாம் நாள் தொல்லை. விரல் நுனி எனக்குச் சொந்தமா என்றே தெரியவில்லை. உன் தம்பி ஒரு போக்கிரி.

ஆனாலும் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். தால்தாலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நீங்கள் இருவரும் என் காதில் விழாமல் கிசுகிசுப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே யாரும் கிசுகிசுப்பதில்லை. காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் எவரிஸ்தோ, இந்தப் பக்கம் நான். அவர் திட்டாமல் விட்டதை நான் திட்டுகிறேன். பிறகு இருவருக்கும் பசிக்கிறது.

என் மகனின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. நீங்கள் கிளம்பி வரலாம். வரும்போது என் தையல் இயந்திரத்தை மறக்காதே. குழாயை இறுக்கி மூடிவிட்டு வா. அது அந்த ஊருக்குச் சரி.

சுனில்தா

*

கொய்ஹாய்க்கே,
19 ஆகஸ்டு 1993

அக்காவுக்கு,

சுகம். சுகம். சுகம். அதைத் தவிர மற்றதை எழுதுகிறேன்.

மாமியாரின் கடிதம் உனக்குக் கிடைத்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். நீ ஆடிப்பாடித் தந்தி கொடுப்பாய் என்று நினைத்தோம். தபால்காரர் வந்தார், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார், போனார். மறுபடி வந்தார், போனார். அவர் வரும் நேரத்தில் அம்மா வாசல் பக்கத்தில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள். தினமும் தொலைக்கிறாள்.

அப்பா தன் மேலதிகாரியிடம் தலையைச் சொறிந்து நின்று, ரிகோபெர்த்தோவுக்குப் பட்டறையில் வேலை கேட்டு வைத்திருக்கிறார். மெக்கானிக் வேலை, அங்கே சுரங்கத்தில் அவர் பார்ப்பதேதான். இம்மாத முடிவுவரை வேறு ஆளைப் போட மாட்டார்கள். அப்பா யாரிடமாவது தலையைச் சொறிந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

பின்வாசல் அறை தயார். நீ வேண்டாம் என்று எழுதியும் அம்மா கேட்கவில்லை. சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறாள், எனக்குப் பிடிக்காத நிறத்தில். ஆகவே உனக்குப் பிடிக்கும்.

உன் விரல் உறைய அங்கே குளிர் இல்லை. பிறகு எழுதுவதற்கு என்ன கேடு? வருகிறாயா, இல்லையா? நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நிபால்தோ

*

தால்தால்,
31 ஆகஸ்டு 1993

நிபா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நாங்கள் வரவில்லை.

ரிகோபெர்த்தோ தடுக்கவில்லை, "கிளம்பு, போகலாம்" என்றுதான் சொல்கிறார். நான்தான். பனி ஞாபகம் வருகிறது, கனவில் வருகிறது என்றெல்லாம் எழுதினேனே, தூரத்தில் இருக்கிற மகள் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதினேன். எழுத எழுத நானே நம்பிவிட்டேன். அத்தை கிளம்பிப் போய், நான் அந்தச் சமையலறையில் தனியாக நின்ற முதல் நாள் காலையில்தான் புரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஊர் இல்லை. யாரும் பின்னால் வந்து நிற்காத ஓர் அடுப்பு.

காலையில் ஒன்பது மணிக்குத் துணி காயப் போட்டால் பத்து மணிக்கு எடுத்துவிடலாம், நிபா. சூடாக இருக்கிறது. முகத்தில் வைத்துக்கொள்வேன். அங்கே விறைத்துப்போன சட்டைகளைக் கயிற்றிலிருந்து பிய்த்து எடுத்து, விரலெல்லாம் வெடிக்கும், அம்மா அதில் கொழுப்பைத் தடவிவிடுவாள். அந்த விரல்களோடு திரும்பி வர எனக்கு இஷ்டமில்லை. இதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அப்பாவிடம் என்ன சொல்வேன்? அம்மாவிடம்? சொந்தச் சரக்கு சேர்க்காதே என்று உன்னிடம் சொன்னவள்தான் கேட்கிறேன். இதைப் படிக்கும்போது எதையாவது சேர்த்து, மென்மையாக்கிச் சொல்.

மிரேயா

*

கொய்ஹாய்க்கே,
16 செப்டம்பர் 1993

அக்காவுக்கு,

நான் சுகம். மற்றவர்களைப் பற்றிக் கீழே.

சேர்த்துத்தான் படித்தேன். ரிகோபெர்த்தோவை முதலாளி விட மாட்டேன் என்கிறாராம், சுரங்கமே அவர் கையில்தான் ஓடுகிறதாம், மந்திரி வந்து கெஞ்சினாராம் என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அவ எழுதினதப் படி" என்றாள்.

படித்தேன். முழுசாக. மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். அடுப்பைப் பற்றிய வரி அவருக்கும் கேட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். ஏன் விட வேண்டும்?

அம்மா உரித்து முடித்தாள். தோலை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாள். பிறகு கேட்டாள்:

"ஒன்பது மணிக்குப் போட்டா, பத்து மணிக்கா?"

"அப்படித்தான் எழுதியிருக்கா."

"அந்த இடத்த இன்னொரு தடவ படி."

நான்கு தடவை படித்தேன், அக்கா. அதற்குமேல் எனக்கே மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்ததும், "நான் கொஞ்ச நாள் மக வீட்டுக்குப் போறேன்" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் பிடி கிடைக்கவில்லை. போக வேண்டியதுதான், அதற்கு இப்போது என்ன அவசரம் என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில், "பனி விட்டதும் போயேன்" என்றார்.

"பனி விட்டப்புறம் எதுக்குப் போறது?" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. பட்டறை வேலையை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

மாமியார் பஸ் மாறும் ஊர்களையெல்லாம் அம்மாவுக்கு ஒப்பித்துக் காட்டினார், கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வராது என்பதுவரை. தையல் இயந்திரத்தை நீயே வைத்துக்கொள்ளலாமாம். அதைக் கோபமாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். அம்மா பெட்டியில் இரண்டு பருத்தி உடைகளை மட்டும் வைத்தாள். அவளிடம் அப்படி உடை இருப்பதே எனக்குத் தெரியாது. தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம்வரை வந்தாள். பஸ் கிளம்பும்போது அதைக் கழற்றி ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தாள்.

"வழியெல்லாம் குளிரும்மா" என்றேன்.

"வழிதானடா" என்றாள்.

இன்று காலையிலிருந்து மறுபடி கொட்டுகிறது. அப்பா கணவாய்க்குப் போய்விட்டார். வீட்டில் நானும் உன் மாமியாரும். சூப் அவர் வைக்கிறார், கூரையை நான் பார்க்கிறேன், திட்டுவதைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அம்மா இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதாதே. எழுதினால் பொய்தான் எழுதுவேன்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவள் வந்து சேர்ந்திருப்பாள். உன்னைப் பார்க்க வந்ததாகத்தான் சொல்வாள், நீயும் நம்பிக்கொள், பாதி உண்மை. எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

கொடியில் அவள் கையாலேயே துணியைப் போடவிடு. பத்து மணிக்கு எடுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. அதற்கும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

நிபால்தோ